அருள் என்று நினைத்த நடுக்கம்: தைப்பூச விரதமிருந்த ஒரு நீரிழிவு நோயாளியின் நிகழ்வு ஆய்வு

57 வயதுப் பெண். 12 ஆண்டுகளாக இனிப்பு நீர். தைப்பூசத்துக்காக ஒரு மண்டல விரதம் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், கோயில் மண்டபத்தில் உறுமி மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது உடல் நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிப் போனார். அருள் வந்துவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் திருநீறு பூசினார்கள். அவருடைய ரத்தத்தில் சீனி லிட்டருக்கு 2.7 மில்லிமோல்தான் இருந்தது என்பது கொஞ்ச நேரம் கழித்தே தெரிந்தது. 4-க்குக் கீழே இறங்கினாலே அது அபாயம்.

நான் பினாங்குத் தீவில் ஓர் அரசாங்க கிளினிக்கில் நீரிழிவு நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் தாதி. இதை எழுதுவதற்கு அக்கா முழுச் சம்மதம் கொடுத்தார். பெயரைப் போட்டாலும் பரவாயில்லை என்றார். பெயரை விட்டுவிட்டு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். டாக்டர்களுக்கும் தாதியருக்கும் மட்டும் இதை எழுதவில்லை. விரதமிருக்கும் அம்மா அப்பாவோடு வாழும் பிள்ளைகளும், மாலை போட்டுவிடும் குருசாமிகளும் படிக்க வேண்டும். பக்தியால் உடம்புக்கு நன்மை உண்டா என்ற கேள்விக்கு இந்த ஒரு நோயாளியிடமே ஒரே மாதத்தில் இரண்டு பதில் கிடைத்தது. அதே பக்தி அவரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைத்தது. அதே பக்தி அவரை மண்டபத்தில் சாய்க்கவும் பார்த்தது. விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் முதலாவது மட்டும் நடந்திருக்கும் என்பது என் முடிவு.

பின்னணி

அக்கா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆப்பரேட்டராக நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகள், மருமகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கணவர் லாரி ஓட்டியவர்; அவருக்கும் இனிப்பு நீர். சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர், இந்த நிகழ்வுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன் காலமானார்.

நம்மவர் வீடுகளில் இது அரிய கதையில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு, எல்லா இனத்தவரையும் விட அதிகம். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூலக் காரணம் நீரிழிவுதான். கோயில் மண்டபத்தில் பால்குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஐம்பது வயதுக்காரர்களை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

வேண்டுதல் மகனுக்காக. மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு ஜி.எச்.சில் அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் மூன்று தைப்பூசம் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்தார். முதல் ஆண்டு குடம் எடுத்தார் அக்கா. அடுத்த சில மாதங்களில் கணவர் போய்விட்டார். துக்க ஆண்டு என்பதால் மறு தைப்பூசம் தப்பியது. ஆகவே இது இரண்டாவது குடம், அதுவும் ஓராண்டு தள்ளிப்போன குடம். எந்தக் காரணத்துக்காகவும் இந்த முறை விட மாட்டேன் என்ற உறுதி அவருக்கு ஏன் வந்தது என்பது இதிலிருந்தே ஓரளவு விளங்கும். மீதிக் காரணம் பிறகு வெளிவந்தது.

சீனிக்கு மெட்ஃபோர்மின், கிளிக்லசைடு, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என நான்கு மாத்திரைகள். ரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு விரதத்துக்கு முந்தைய பரிசோதனையில் 9.4 விழுக்காடு. ஒவ்வொரு முறையும் அளவு கூடவே இருந்ததால், ஆண்டுக்கு ஆண்டு கிளிக்லசைடு ஏற்றப்பட்டு வந்தது.

மண்டபத்தில் நடந்தது

விடியுமுன் குளித்து விளக்கேற்றுவது, பகலில் ஒரே வேளை சைவச் சாப்பாடு, இரவில் ஒரு டம்ளர் பால், தரையில் பாய், வெள்ளிக்கிழமை மாலை குழுவோடு பஜனை. இதுதான் அக்காவின் விரதம். மூன்றாம் வெள்ளியன்று மகள் வேலை முடிந்து மண்டபத்துக்கு வந்தபோது மேளம் உச்சத்தில் இருந்தது. அம்மா நடுங்குவதைப் பார்த்தார். அக்காவுக்கு முன்பு ஒருமுறை அருள் வந்ததுண்டு என்பதால் யாரும் பதறவில்லை.

சந்தேகப்பட்டவர் குருசாமி. நாற்பது ஆண்டுகளாகக் காவடிக்காரர்களைத் தண்ணீர்மலைக்கு அழைத்துப் போகிறவர். அருள் வந்தவர்கள் எப்படி ஏறுவார்கள், எப்படி இறங்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. திருநீறு பூசி, மேளத்தை நிறுத்தச் சொன்ன பிறகும் அக்கா தெளியவில்லை. கண் திறந்திருந்தும் மகளை யாரென்று தெரியவில்லை. கை சில்லிட்டு, சேலை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. "இது சாமி இல்லம்மா. உங்கம்மா என்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்று மகளைக் கேட்டிருக்கிறார். குழுவில் இன்னொரு பெண்ணின் கைப்பையில் குளுக்கோமீட்டர் இருந்தது. குத்திப் பார்த்தால் 2.7.

விழுங்க முடிகிற நிலையில் இருந்தார். அது பெரிய நல்வாய்ப்பு. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் 4.6-க்கு ஏறியது, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதோடு வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனது சரியான முடிவு. கிளிக்லசைடு வகை மாத்திரையால் இறங்கும் சீனி, ஏற்றிவிட்ட பிறகும் மறுபடி இறங்கக்கூடும். மருந்தின் வேலை முடியும் வரை ஆள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஏன் இறங்கியது

அடுத்த வாரம் அக்கா கிளினிக்குக்கு வந்தார். மகளுக்கு விடுப்புக் கிடைக்காததால் துணைக்குப் பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தார். அவர் தமிழ் முஸ்லிம். உட்கார்ந்ததும் அவர்தான் முதலில் பேசினார்: "நோன்பு வர்றதுக்கு முன்னாடி எனக்கு என் கிளினிக்குல கூப்பிட்டு வச்சு, சஹர்ல எது, நோன்பு திறக்கும்போது எதுன்னு மாத்திரையெல்லாம் மாத்திக் கொடுத்தாங்க மிஸ்ஸி. இவங்களுக்கும் அந்த மாதிரி செய்வீங்கல்ல?"

இந்த நிகழ்வின் மையமே அந்தக் கேள்விதான். ரமலான் நோன்பையும் நீரிழிவையும் பற்றி மருத்துவ உலகம் ஆழமாக ஆராய்ந்திருக்கிறது. மலேசியா உட்பட 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் 2001-இல் நடந்த எபிடியார் ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்ததாகக் காட்டியது. அந்த மாதத்தில் அவர்களிடையே கடுமையான சீனிக் குறைவு 7.5 மடங்கு கூடியது. "நோன்பு வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டால் தீராது என்பதை அந்த எண்களே உணர்த்தின. பிறகு அனைத்துலக வழிகாட்டிகள் வந்தன. நம் சுகாதார அமைச்சும் ரமலானுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. நோன்புக்கு முன்பே ஆளை அழைத்து, அவருடைய அபாயத்தை மதிப்பிட்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது இன்று வழக்கமான பணி.

இந்து விரதங்களுக்கு அப்படியொரு வழக்கம் கிளினிக்குகளில் வளரவில்லை. தைப்பூசம், கந்தசஷ்டியின் ஆறு நாள், புரட்டாசிச் சனி, ஆடித் தீமிதி, சபரிமலை மாலை என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று வருகிறது. கத்தோலிக்கத் தமிழர்களின் தவக்காலமும் உண்டு. எதைப் பற்றியும் படிவத்தில் ஓர் இடம் கிடையாது. நோயாளியும் தாமாகச் சொல்வதில்லை. சொன்னால் திட்டு விழும் என்ற பயம். அக்கா அதைத் தெளிவாகவே சொன்னார்: "சொன்னா வேணாம்பீங்க. வேணாம்னு சொன்ன பிறகு செஞ்சா மனசு உறுத்தும். அதான் சொல்லல."

அவருடைய பழைய மாத்திரை உறைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தபோது படம் தெளிவாயிற்று. கணவர் இறந்த பிறகு அக்கா பாதி நாள் மாத்திரையைத் தொட்டதே இல்லை. சாப்பிடாத மருந்துக்குச் சீனி குறையவில்லை என்று பார்த்து மருந்தின் அளவு ஏற்றப்பட்டிருக்கிறது. விரதம் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். "சாமிக்கு விரதம் இருக்கிறப்ப எல்லாத்தையும் முறையா செய்யணும்ல மிஸ்ஸி. அதனால மாத்திரையும் ஒருவேளை விடாம போட்டேன்." பாதி நாள் சாப்பிடாத ஆளுக்கென்று ஏற்றப்பட்ட முழு அளவும், அன்றாடம் ஒரே வேளை உணவும் மூன்று வாரம் சேர்ந்தன. கிளிக்லசைடு, சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. மாலை ஏழு மணிக்கு அவர் உடம்பில் மருந்து இருந்தது, சோறு இல்லை.

எச்.பி.ஏ.1சி 9.4 இருப்பவருக்குச் சீனி இறங்காது என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: அது பல வாரச் சராசரி. ஒரு நாளின் பள்ளம் அதில் தெரியாது.

கிளினிக் வேலையில் எவ்வளவு சொன்னாலும் நடக்காத ஒன்றை, மாத்திரை ஒழுங்கை, ஒரு மாலை நடத்திக் காட்டியிருந்தது. இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை சாதாரணமானதல்ல. அந்தச் சக்தியை வீணாக்காமல், ஆபத்தை மட்டும் எப்படி எடுப்பது என்பதே டாக்டருக்கும் எனக்கும் முன்னால் இருந்த வேலை. தைப்பூசத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

பாதமும் மனமும்

பத்துக் கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்திப் பார்க்கும் சோதனையில், இரு கால்களிலும் பெருவிரலடியிலும் முன்பாதத்திலும் அக்காவுக்கு உணர்வு தெரியவில்லை. நரம்பு மரத்திருந்தது. தைப்பூசம் வரும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் பினாங்கில் மழை குறைந்து வெயில் ஏறும் காலம். பகலில் தார்ச் சாலை கொதிக்கும். ரதத்துக்கு முன்னால் சிதறுகாய் உடைக்கும் ஊர் இது. தேங்காய்கள் மலைபோல் குவிந்து உடைபடும் பாதையில், கூட்டிப் பெருக்கிய பிறகும் ஓட்டுச் சில்லுகள் கிடக்கும். தண்ணீர்மலை உச்சிக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். மரத்துப்போன காலோடு வெறுங்காலில் இவ்வளவையும் கடப்பது, நீரிழிவுப் புண்ணுக்கும் அதன் வழியே கால் இழப்புக்கும் நேர்வழி.

காலுறையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அப்போதுதான் அக்கா அழுதார்.

முதல் ஆண்டு குடம் எடுத்தபோது பாதி வழியில் சூடு தாங்காமல் செருப்புப் போட்டுவிட்டாராம். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் கணவர் போய்விட்டார். "நான் வச்ச குறைதான் அவரைக் கொண்டு போச்சு மிஸ்ஸி. சாமி என்னைக் கைவிட்டுருச்சு. இந்தத் தடவையும் குறை வச்சா பிள்ளைக்கு என்ன ஆகுமோ." மருந்தை ஏன் விட்டார் என்பதற்கும் இதுவே விடை. தண்டனை அனுபவிக்க வேண்டியவளுக்கு மாத்திரை எதற்கு என்ற நினைப்பு. மனச்சோர்வைக் கணிக்கும் ஒன்பது கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள் மிதமான சோர்வைக் காட்டின. டாக்டர் அவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

இத்தகைய உள்ளப் போராட்டத்துக்கு உடல் கொடுக்கும் விலையைக் கென்னத் பார்கமென்ட் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்ந்த 55 வயதைத் தாண்டிய நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார், தம்மீது அன்பில்லை என்று மருகியவர்கள், உடல்நிலையையும் மனநிலையையும் கணக்கில் கழித்துப் பார்த்தபோதும், அதிகமாக இறந்தார்கள். இறைநம்பிக்கை என்று ஒரே பெயரில் சொல்லும் ஒன்றுக்குள் ஆளைத் தாங்கும் பகுதியும் ஆளை அரிக்கும் பகுதியும் இருக்கின்றன. அக்காவிடம் இரண்டும் இருந்தன.

அவருக்கு நான் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். கணவரின் சிறுநீரகம் கெடப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், செருப்புக்கு முன்பே டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது என்றேன். தலையாட்டினார். மனம் ஆறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குற்றத்தைச் சுமத்தியது மருத்துவம் இல்லையே, அதை இறக்கி வைக்கவும் மருத்துவத்தால் ஆகாது. அக்காவின் அனுமதி கேட்டுக் குருசாமியைக் கிளினிக்குக்கு அழைத்தோம்.

அவர் வந்து டாக்டரின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழுக் கதையையும் கேட்டார். பிறகு, "முருகன் என்ன தோட்டத்துக் கிராணியாம்மா, உன் செருப்பைக் கணக்கெழுதி வச்சுப் புருஷனைப் பிடிச்சுக்க?" என்றார். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் சின்னப் பிள்ளைக்கும் விரதத்தில் தளர்வு உண்டு என்பது தம் குரு காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று விளக்கினார். திருத்தணித் திருப்புகழ் ஒன்றில் அருணகிரிநாதர் இருமல், வாதம், நீரிழிவு, விடாத தலைவலி, சோகை என்று நோய்களைப் பெயர் சொல்லி அடுக்கி, இவை தம்மை நலியாதிருக்க அருள் கேட்கிறார். அந்தப் பாட்டைக் குழுவோடு தினமும் பாடுகிறவர் அக்கா. "நீரிழிவுன்னு பாட்டுலயே இருக்கு. அதைத் தண்டனைன்னா சொல்லுது? காப்பாத்துன்னு கேக்குது. நீயும் கேளு, மருந்தையும் சாப்பிடு" என்றார் குருசாமி. அக்கா நெடுநேரம் எதுவும் பேசவில்லை. போகும்போது என்னிடம், "வெள்ளைக் காலுறை போடலாமா, மஞ்சளா?" என்று கேட்டார்.

மாற்றிய விரதம்

அதே அறையில், குருசாமியையும் வைத்துக்கொண்டு, விரதத்தையும் மருந்தையும் ஒன்றாகத் திட்டமிட்டோம். சைவம், விளக்கு, பஜனை, பாய் எல்லாம் அப்படியே. ஒரு வேளை உணவு மட்டும் மூன்று வேளைகளாயிற்று. சோற்றைக் குறைத்துப் பருப்பும் தவ்வும் (டோஃபு) காயும் கூட்டினோம். டாக்டர் கிளிக்லசைடைக் கணிசமாகக் குறைத்து, முழு உணவு உண்ணும் மதிய வேளைக்கு மாற்றினார். மெட்ஃபோர்மின் உணவோடு தொடர்ந்தது. அது தனியாகச் சீனியை அபாயத்துக்கு இறக்குவது அரிது. சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்தோம், சற்றே குறைந்திருந்தது. படியேற வேண்டியவர் என்பதால் இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது. இவை இந்த அக்காவின் ரத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்ற மாற்றங்கள். வேறொருவர் இதைப் படித்துவிட்டுத் தாமாக மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

சீனி இறங்கினால் என்ன செய்வது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. நடுவில் இனிப்பைக் குடித்தால் விரதம் முறிந்துவிடும் என்று அக்கா பயந்தார். குருசாமி அதற்கும் வழி சொன்னார். ஒவ்வொரு வெள்ளியும் சீனித் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைச் சன்னிதியில் வைத்து எடுத்துப் பிரசாதமாகக் கையில் கொடுத்தார். பிரசாதம் விரதத்தை முறிக்காது. கற்கண்டு கொடுக்கலாமே என்று மகள் கேட்டார்; அது வாயில் கரைய நேரமாகும், அவசரத்துக்குக் கரைத்த சீனிதான் சரி என்றேன்.

மாத்திரைப் பெட்டி சாமி மேடைக்குப் போனது. விளக்கேற்றியதும் சீனி பார்ப்பது, குறிப்பேட்டில் எழுதுவது, மாத்திரை போடுவது. இந்த யோசனை அக்காவுடையது.

தைப்பூசத்தன்று விடியுமுன், தார் சூடேறுவதற்கு முன்பே, மலையடிவாரத்துக்கு அருகிலிருந்து குடத்தைத் தூக்கினார். தடித்த மஞ்சள் பருத்திக் காலுறை. மகள் குளுக்கோமீட்டரோடு கூடவே நடந்தார். புறப்படும்போது 7.8. அடிவாரத்தில் 5.1, ஏறும்முன் தண்ணீர்ப் பந்தலில் ஒரு வாழைப்பழமும் அரைக் குவளை பானகமும். பந்தல்களில் தரும் சீரப் என்ற இனிப்புத் தண்ணீரை மற்ற நேரத்தில் தொடவில்லை. படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, பால் அபிஷேகம் முடித்து இறங்கினார். வீட்டில் காலுறையைக் கழற்றும்போது இடக் குதிகாலில் சிவப்புக் கறை. தேங்காய் ஓட்டுச் சில்லு குத்தியிருந்தது. அக்காவுக்கு வலியே தெரியவில்லை. மறுநாளே கிளினிக்குக்கு வந்ததால் சுத்தம் செய்து கட்டினோம், இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. காலுறையில் கறை படிந்திராவிட்டால் அந்தக் காயம் எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

பிறகு

மாலை கழற்றிய பிறகுதான் எனக்குக் கவலை அதிகம். விரதத்தோடு வந்த ஒழுங்கு விரதத்தோடு போய்விடும். இதைக் குருசாமியிடம் சொன்னபோது, மாதாந்தரக் கிருத்திகை வழிபாட்டுக்கு அக்காவைப் பொறுப்பாக்கினார். குழுப் பெண்கள் நான்கைந்து பேர் மாலையில் கோயிலுக்கு நடந்தே போகத் தொடங்கினார்கள், காலில் கேன்வாஸ் சப்பாத்தோடு. தைப்பூசம் கழிந்து மூன்று மாதத்தில் எச்.பி.ஏ.1சி 8.2. அதற்கடுத்த பரிசோதனையில் 7.6. சீனி அபாயமாக இறங்கியது ஒருமுறைகூட இல்லை. மனச்சோர்வுக் கேள்விகளின் மதிப்பெண் லேசான நிலைக்கு வந்தது. ஆலோசகரைத் தொடர்ந்து பார்க்கிறார்.

இதில் எது பக்தியால், எது மருந்தால், எது நடையால், எது ஆலோசகரால் என்று ஒரே நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய ஆய்வுகள் இங்கே கொஞ்சம் வெளிச்சம் தருகின்றன. அமெரிக்கத் தாதியர் 74,534 பேரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போனவர்களின் இறப்பு அபாயம், போகாதவர்களை விட 33 விழுக்காடு குறைவாக இருந்தது. பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள். நம் கோயிலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அந்த நன்மை வரும் வழிகளாக ஆய்வாளர்கள் கண்டவை, கூடியிருப்போரின் ஆதரவு, புகை பிடிக்காமை, குறைவான மனச்சோர்வு, நம்பிக்கையான பார்வை ஆகியவை, எந்த மதத்துக்கும் சொந்தமானவை அல்ல. பஜனைக் குழுவில் ஒருவர் பையில் குளுக்கோமீட்டர் இருந்ததை நான் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

மந்திரம் உடலுக்குள்ளும் வேலை செய்கிறது. இத்தாலியரான லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல், ஜெபமாலை ஜெபத்தையும் யோக மந்திரத்தையும் உச்சரிக்கச் சொல்லி அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவில் நிதானப்பட்டது; ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் இயல்பான எதிர்வினை கூர்மையானது.

பிறர் செய்யும் பிரார்த்தனையே நோயை மாற்றுமா என்பதைச் சோதித்தவர்களும் உண்டு. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் 2006-இல் வெளியான ஆய்வில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 பேர் இருந்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும் அறிந்திருந்த இரு பிரிவினரில் சிக்கல்கள் 52, 51 விழுக்காடு; வித்தியாசமில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடப்பது உறுதி என்று தெரிந்தவர்களில் 59 விழுக்காடு. எனக்கு இதில் படும் பாடம் எளியது: கோயிலில் அர்ச்சனை போட்டாயிற்று என்று அறுவைச் சிகிச்சையையோ இன்சுலினையோ தள்ளிப்போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. திருநீற்றை மட்டும் நம்பிக் காலை இழந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அவர்களிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இந்த நிகழ்வில் அதிர்ஷ்டத்தின் பங்கும் உண்டு. விவரம் தெரிந்த குருசாமி, கூடவே நடக்கும் மகள், நேரம் ஒதுக்கிய டாக்டர், கேள்வி கேட்ட பக்கத்து வீட்டு அம்மா. இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் கதை வேறாகியிருக்கலாம். அதிர்ஷ்டத்தை நம்பியிராமல் இருக்க, நோயாளியிடம் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். 1990-களில் டாக்டர் கிறிஸ்டினா புக்கால்ஸ்கி வகுத்த ஃபிக்கா முறையில் அவை உள்ளன: உங்களுக்கு எதில் நம்பிக்கை, வாழ்க்கையில் அதற்கு எவ்வளவு இடம், யாரோடு சேர்ந்து வழிபடுகிறீர்கள், அதை மருத்துவத்தில் நாங்கள் எப்படிக் கவனத்தில் கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் நான் ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக் கேட்கிறேன்: அடுத்த விரதம் எப்போது? தைப்பூசத்துக்கு எட்டு வாரம் முன்பே இதைக் கேட்டுவிட்டால் மருந்தை மாற்றிப் பார்த்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். முதல் தடவை கேட்டபோது பலர் தயங்கினார்கள். திட்டு விழாது என்று தெரிந்ததும் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் தம் மனைவி பூக்குழி இறங்கப் போவதையும் சேர்த்துச் சொன்னார்.

மண்டபங்களில் பொறுப்பிலிருப்பவர்களுக்கு: நீரிழிவுக்காரர் ஒருவர் நடுங்கி, குளிர வியர்த்து, பேச்சுத் தடுமாறினால், அருளா இல்லையா என்று முடிவு செய்யும் முன் விரலில் குத்திச் சீனி பாருங்கள். கருவி இல்லாவிட்டால், விழுங்கக்கூடியவருக்குச் சீனித் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். அருளாகவே இருந்தாலும் அதனால் கெடுதல் இல்லை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள். அக்காவின் குருசாமி இப்போது மண்டபத்து முதலுதவிப் பெட்டியில் குளுக்கோமீட்டரும் சீனியும் வைத்திருக்கிறார். சோதனைப் பட்டைகள் காலாவதியாகிவிட்டனவா என்று பார்த்து மாற்றும் வேலையை அக்கா ஏற்றிருக்கிறார்.

அக்காவின் பாதத்தில் உணர்வு திரும்பவில்லை. திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மூன்றாவது குடம் அடுத்த தைப்பூசத்துக்கு. அதற்கு முன் கந்தசஷ்டி வருகிறது. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்று கேட்டிருக்கிறார். டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. குருசாமியோடு பேச நாள் குறித்திருக்கிறோம்.